யார் வெளிநாட்டவர்? என்பிஏ வயது விதியும் இந்தியச் சிறுவர்களும்

2015 ஜூன் 25 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ நியூயார்க்கில் நடத்திய டிராஃப்டில் 52ஆவது பெயராக சத்னாம் சிங் பமாரா அறிவிக்கப்பட்டார். அவரை எடுத்த அணி டல்லஸ் மேவரிக்ஸ். பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே கிராமத்தில் பிறந்தவர், உயரம் ஏழடி இரண்டு அங்குலம், வயது 19. இந்தியாவில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. நம் ஊடகங்கள் அதைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நாளில் இன்னொரு பதிவும் அவர் பெயரில் எழுதப்பட்டது. 2005இல் வயது விதி வந்த பிறகு, கல்லூரி அணியிலும் ஆடாமல், வேறு நாட்டுத் தொழில்முறைக் கழகத்திலும் ஆடாமல், என்பிஏவின் வளர்ச்சி லீகிலும் ஆடாமல் பள்ளி வளாகத்திலிருந்து நேராகத் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

இந்த இரண்டாவது பதிவை இந்தியாவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஓர் இளைஞரை என்பிஏ விதி எப்படி அமெரிக்கப் பள்ளி மாணவராக எண்ணியது? அந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன மாறுகிறது? வயது விதி பற்றிய விவாதம் 18 சரியா, 19 சரியா என்ற அளவிலேயே அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. இந்தியாவிலிருந்து பார்க்கும்போது சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்: ஒரு சிறுவன் பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வரை எங்கே இருந்தான், அந்த ஆண்டுகளுக்கு யார் செலவு செய்தார்கள், அவனுடைய பிறந்த தேதியை யார் எழுதினார்கள்?

விதி வந்த வழி

டிராஃப்ட் என்பது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஆண்டுச் சடங்கு. முப்பது அணிகள், இரண்டு சுற்று. அதில் யார் பெயர் வரலாம் என்பதை வரையறுப்பதே தகுதி விதி. தொடக்கத்தில், பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழியாத எவரையும் என்பிஏ சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட்டக்காரர் ஸ்பென்சர் ஹேவுட் இதை எதிர்த்து வழக்காடினார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமான இடைக்காலத் தடையை மீட்டுக்கொடுத்தது, லீக் இறங்கிவந்தது. 1975இல் டாரில் டாக்கின்ஸ், பில் வில்லபி ஆகிய இருவர் பள்ளியிலிருந்தே வந்தார்கள். அதன்பின் இருபதாண்டுகள் அந்த வழியில் யாரும் வரவில்லை. 1995இல் கெவின் கார்னெட் வந்தார். அடுத்த ஆண்டு கோபி பிரயன்ட். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ். பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய நாற்பது பேர்.

அணி உரிமையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் குறைந்தபட்ச வயதை 20 ஆக்க விரும்பினார். 18இலிருந்து நகர ஆட்டக்காரர் சங்கம் தயங்கியது. 2005 கூட்டுப்பேர ஒப்பந்தத்தில் 19 என்று முடிந்தது. 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. டிராஃப்ட் நடக்கும் நாள்காட்டி ஆண்டுக்குள் ஆட்டக்காரருக்கு 19 வயது நிறைய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை. அமெரிக்க ஆட்டக்காரராக எண்ணப்படுபவருக்கு இதற்கு மேல் ஒன்று உண்டு: அவருடைய பள்ளி வகுப்பு படிப்பை முடித்தபின் ஓர் என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். ‘சர்வதேச ஆட்டக்காரர்’ என்று எண்ணப்படுபவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனை இல்லை. 19 வயதாகும் ஆண்டில் அவர் தானாகப் பெயர் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 22 வயதாகும் ஆண்டில் தாமாகவே பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

இது லீகும் சங்கமும் பேசி முடித்த உடன்பாடு என்பதை மறக்கக் கூடாது. கூட்டுப்பேரத்தில் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் போட்டிச் சட்டத்தைக் கொண்டு உடைப்பது கடினம் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கூடைப்பந்தில் லியோன் வுட் தொடுத்த வழக்கில் 1987இலும், அமெரிக்கக் கால்பந்தில் மொரீஸ் கிளாரெட் தொடுத்த வழக்கில் 2004இலும் வந்த தீர்ப்புகள் அவை. அப்படியென்றால், இன்னும் சங்க உறுப்பினராகாத ஒரு பதினேழு வயதுச் சிறுவனின் எதிர்காலத்தை உறுப்பினர்கள் பேரம் பேசி விட்டுக்கொடுக்கலாம். அந்தச் சிறுவன் இன்டியானாவில் இருந்தாலும் சரி, லூதியானாவில் இருந்தாலும் சரி. மேசையின் இரு பக்கத்திலும் அவனுக்காகப் பேச ஆள் இல்லை. இந்த விதியின் ஆழமான குறை இதுவே என்று நினைக்கிறேன்.

வரையறையின் வேலை

யார் சர்வதேச ஆட்டக்காரர்? ஒப்பந்தம் மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. டிராஃப்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளேனும் அமெரிக்காவுக்கு வெளியே நிரந்தரமாக வசித்து, அங்கே கூடைப்பந்து ஆடியிருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி எதிலும் சேர்ந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்திருக்கக் கூடாது. குடியுரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சத்னாம் 2010இல், பதினான்கு வயதில், ஐஎம்ஜி ரிலையன்ஸ் கொடுத்த உதவித்தொகையில் புளோரிடா மாநிலம் பிரேடன்டனில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். அதற்கு முன் லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயின்றவர். ஆங்கிலம் தெரியாமல் போனவர். ஐந்து ஆண்டுகள் அங்கேயே தங்கி, பள்ளிப்படிப்பை முடித்தபின் மேற்கொண்டு ஓராண்டு அதே வளாகத்தில் இருந்தார். அந்தக் கூடுதல் ஆண்டுதான் அமெரிக்கர்களுக்கான இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றியது. அதே வாசல் வழியாக 2016இல் தென்சூடானியப் பின்னணி கொண்ட ஆஸ்திரேலியர் தோன் மேக்கர் கனடாப் பள்ளி ஒன்றிலிருந்து வந்து பத்தாம் இடத்தில் தேர்வானார். 2018இல் ஐஎம்ஜியிலிருந்தே அன்ஃபர்னி சைமன்ஸ் 24ஆம் இடத்தில் வந்தார். சத்னாமின் சாதனையாகச் சொல்லப்படுவது, விதி வைத்திருந்த ஓர் இடைவெளியின் கண்டுபிடிப்பும்கூட.

இந்த வரையறை நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதைப் பார்க்க, புனேயின் கிழக்கே முளா-முட்டா கரையில் இருக்கும் கராடியை எடுத்துக்கொள்வோம். இயான் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி வளர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றில் கணிசமான தமிழ்க் குடும்பங்கள். ஒரே குடியிருப்பில் ஒரே நாளில் பிறந்த மூன்று சிறுவர்களைக் கற்பனை செய்யலாம். ஒருவனுடைய அப்பாவை நிறுவனம் டெக்சஸுக்கு மாற்றுகிறது. பையன் பதினைந்து வயதில் போய் அங்கேயே பள்ளியை முடிக்கிறான். இரண்டாமவன் ஆஸ்திரேலியாவில் ஓர் அகாடமிக்குப் போகிறான். மூன்றாமவன் கராடியிலேயே இருந்து பள்ளி அணிக்கும் பிறகு புனே கல்லூரி அணிக்கும் ஆடுகிறான். மூவரும் இந்தியக் குடிமக்கள். முதலாமவன் விதிப்படி அமெரிக்க ஆட்டக்காரன். பள்ளி முடிந்து ஓராண்டு எங்காவது காத்திருக்க வேண்டும். இரண்டாமவன் 19 வயதாகும் ஆண்டில் பெயர் கொடுக்கலாம். மூன்றாமவனுக்கும் அதே உரிமை உண்டு. 22 வயதாகும் ஆண்டில் பெயர் கொடுக்காமலே அவன் தகுதி பெற்றுவிடுவான்.

மூன்றாமவனின் நிலையில்தான் விதியின் எல்லை வெளிப்படுகிறது. காகிதத்தில் அவனுக்குத் தடை மிகக் குறைவு. ஆனால் அவன் ஆட்டத்தைப் பார்க்க எந்த அணியின் ஆளும் புனேக்கு வரப்போவதில்லை. தகுதி கிடைக்கிறது, கவனம் கிடைப்பதில்லை. கவனம் வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அமெரிக்காவுக்குப் போனால் ‘சர்வதேச’ என்ற தகுதியை இழக்க நேரிடும்.

ஆதரவும் எதிர்ப்பும்

விதிக்கு ஆதரவான வாதங்கள் தெரிந்தவையே: உடலும் மனமும் முதிர ஓராண்டு கிடைக்கிறது; அணிகள் பள்ளி மைதானங்களில் சிறுவர்களைத் துரத்துவது குறைகிறது; தவறான தேர்வுகள் குறைகின்றன. மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்பது என் கணிப்பு. ஓராண்டு கூடுதலாகப் பார்த்துவிட்டு எடுத்தால் உரிமையாளரின் பணம் வீணாகும் அபாயம் குறையும். காயம்பட்டால் நட்டம் அந்த இளைஞனுடையது.

எதிர்த்தரப்பில் சட்ட அறிஞர் மைக்கேல் மெக்கேன் 2004இல் எழுதிய ஆய்வு முக்கியமானது. பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் சராசரி ஆட்டக்காரரை விட நன்றாகவே ஆடினார்கள், சம்பாதித்தார்கள் என்பது அதன் முடிவு. பேஸ்பால், ஐஸ் ஹாக்கி போன்ற ஆட்டங்களில் எழாத கவலை கறுப்பின இளைஞர் நிறைந்த ஆட்டத்தில் மட்டும் ஏன் எழுகிறது என்று என்பிஏ ஆட்டக்காரர் ஜெர்மெய்ன் ஓநீல் 2005இல் கேட்டார். இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கல்லூரிக் கூடைப்பந்து குறித்து காண்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த ஆணையமும் 2018 ஏப்ரலில் விதியை நீக்கவே பரிந்துரைத்தது. ஆனாலும் 2023 ஒப்பந்தத்தில் 19 அப்படியே இருக்கிறது.

மெக்கேன் காட்டும் சான்றில் ஒரு பலவீனம் உண்டு. பள்ளியிலிருந்து துணிந்து வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தலைமுறையின் தலைசிறந்தவர்கள். அவர்களைச் சராசரியோடு ஒப்பிட்டால் அவர்கள்தான் மேலாகத் தெரிவார்கள். ஆகவே வயதால் நன்மையா தீமையா என்பதை அந்த எண்கள் தீர்த்துவைக்கவில்லை. எனக்கு அதைவிடத் தெளிவாகப் பேசுவது ஐரோப்பிய அனுபவம். லூகா டான்சிச் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டின் முதல் அணியில் இறங்கினார். 2018இல் யூரோலீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். அதே ஆண்டு, 19 வயதில், டிராஃப்டில் மூன்றாவதாக வந்தார். ரிக்கி ரூபியோ ஸ்பெயின் லீகில் இறங்கியபோது வயது 14. இவர்களுக்கு 19 என்ற வரம்பு பெரிய இழப்பைத் தரவில்லை. காத்திருந்த ஆண்டுகளில் ஊதியம் இருந்தது, பயிற்சி இருந்தது, வயதில் மூத்தவர்களோடு ஆடும் வாய்ப்பு இருந்தது. வரம்பு எவ்வளவு கனமானது என்பது அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிறந்த தேதி

பிரான்ஸின் விக்டர் வெம்பன்யாமா 2004 ஜனவரி 4 அன்று பிறந்தார். 19 வயதாகும் ஆண்டு 2023. அந்த ஆண்டு முதலாவதாகத் தேர்வானார். நான்கு நாள் முன்னால் பிறந்திருந்தால் 2022லேயே தகுதி பெற்றிருப்பார். நாள்காட்டி ஆண்டை எல்லையாக வைக்கும் விதியில் பிறந்த தேதி என்பது கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள தகவல்.

அந்தத் தகவல் நம் ஊரில் எப்படி உருவாகிறது என்பதை எல்லாரும் அறிவோம். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து மே அல்லது ஜூனில் ஒரு தேதியை எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்தது. பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஒற்றை ஆவணம் என்ற நிலை 2023 திருத்தத்தால், அதுவும் 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான், வந்திருக்கிறது. இடைப்பட்ட தலைமுறைதான் இப்போது களத்தில் ஆடுகிறது.

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு முரண் இருக்கிறது. நம் போட்டிகள் 13க்குக் கீழ், 16க்குக் கீழ், 18க்குக் கீழ் என்று மேல்வரம்பு வைப்பவை. மேல்வரம்பு இருக்குமிடத்தில் வயதைக் குறைத்து எழுதத் தூண்டுதல் பிறக்கும். பதக்கமும், அதன் வழியே விளையாட்டு விடுதியில் இடமும், கல்லூரி இடமும் அதில் தொங்குகின்றன. என்பிஏ வைப்பது கீழ்வரம்பு. இங்கே இரண்டு ஆண்டு குறைத்து எழுதப்பட்ட பையன் அங்கே இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் தகுதி பெறுவான். பன்னிரண்டு வயதில் பயிற்சியாளரோ பெற்றோரோ செய்த ஏற்பாட்டின் விலையை அவன் பத்தொன்பதில் கொடுக்கிறான். உண்மையைச் சொன்னால் வயது மோசடி, சொல்லாவிட்டால் காத்திருப்பு.

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இல் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2025இல் அதைத் திருத்தும் வரைவையும் வெளியிட்டது. ஐயம் எழுந்தால் மருத்துவச் சோதனை. அதில் பரவலாகப் பயன்படுவது இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேயை வைத்து எலும்பு முதிர்ச்சியைக் கணிக்கும் டேனர்-வைட்ஹவுஸ் முறை. மூன்றாம் பதிப்பான டிடபிள்யூ3இல், ஆண்களுக்குப் பதினாறரை வயதளவிலும் பெண்களுக்குப் பதினைந்திலும் எலும்பு முழு முதிர்ச்சி அடைந்துவிடுகிறது. அதற்கு மேல் 18ஐயும் 19ஐயும் அந்தப் படம் பிரித்துச் சொல்லாது. இளம் வயதிலும் அது சொல்வது முதிர்ச்சியை. பிறந்து கடந்த ஆண்டுகளை நேராகச் சொல்வதில்லை. சீக்கிரம் வளரும் பிள்ளைக்கு எலும்பு வயது கூடுதலாகவே தெரியும். கூடைப்பந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ணில் படும் பிள்ளைகள் பலரும் சீக்கிரம் வளர்ந்தவர்கள். பொய் சொல்லாத ஒரு குழந்தை வளர்ந்த குற்றத்துக்காக வெளியேற்றப்படும் வாய்ப்பு மற்ற ஆட்டங்களைவிட இங்கே அதிகம்.

காத்திருக்கும் ஆண்டுகள்

18 வயதுக்கு உட்பட்டவரை வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் இடம்பெயர்வது போன்ற விதிவிலக்குகள் உண்டு. குழந்தைகளை விலைபேசுவதைத் தடுக்கும் நல்ல விதி இது. ஆனால் அமெரிக்கப் பள்ளி ‘கழகம்’ அல்ல. ஆகவே பதினான்கு வயதில் புளோரிடாவுக்குப் போவதை அது தொடுவதில்லை. அகாடமிகளும் அதே வெளியில்தான் வளர்ந்தன. 2017 மே மாதம் கிரேட்டர் நொய்டாவில் என்பிஏ அகாடமி இந்தியா திறக்கப்பட்டது. செனகல் நாட்டின் சாலியிலும், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவிலும் இதே வகை அகாடமிகள் அமைந்தன. பத்தொன்பது வரை உள்ளே வராதே என்று சொல்லும் அமைப்பே பதினான்கு வயதிலிருந்து விடுதி கட்டித் தங்கவைக்கிறது. பள்ளிக் கல்வியும் நல்ல பயிற்சியும் அங்கே கிடைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விதி வகுப்பவரும் காத்திருப்பறையை நடத்துபவரும் ஒருவராக இருப்பது கவனிக்கத்தக்கது.

பிரின்ஸ்பால் சிங் இந்த வழியில் வந்தவர். லூதியானா, நொய்டா, பிறகு 2018இல் கான்பெரா. 2020 ஜூலையில், கல்லூரிக்குப் போகாத இளைஞர்களுக்காக என்பிஏ தொடங்கிய ஜி லீக் இக்னைட் அணியில் ஒப்பந்தமானார். என்பிஏ அகாடமி இந்தியாவிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் ஆள். அந்த அணியில் அவருக்குக் கிடைத்த ஆட்ட நேரம் மிகக் குறைவு. 2021இல் கோடைக்கால லீகில் வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை.

அதே கான்பெரா அகாடமியில் பயின்ற இன்னொருவர் ஆஸ்திரேலியரான ஜாஷ் கிடி. அவர் தன் நாட்டு லீகில் அடிலெய்ட் 36அர்ஸ் அணியில் ‘நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்’ திட்டத்தின் கீழ் 2020-21 சீசனை ஆடினார். அந்தத் திட்டம் 2018இல் தொடங்கியது. டிராஃப்டுக்குக் காத்திருக்கும் இளைஞருக்கு ஊதியமும் மூத்தவர்களோடு ஆடும் நேரமும் தருவது. 2021 டிராஃப்டில் கிடி ஆறாமிடம். இருவருக்கும் திறமையில் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஒருவருக்குத் திரும்பிப்போய் ஆட ஒரு லீக் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இக்னைட் அணியும் 2023-24 சீசனோடு மூடப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் 2021இலிருந்து தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனபின் அதற்குத் தேவை குறைந்தது. மாணவர் விசாவில் இருக்கும் இந்தியருக்கு அந்தச் சம்பாத்தியமும் எளிதல்ல. வேலை செய்வதற்கு அந்த விசாவில் கட்டுப்பாடு உண்டு.

சத்னாமின் முடிவும் இங்கே நினைக்கத்தக்கது. மேவரிக்ஸின் துணை அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு சீசன்கள் இருந்தார். என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

இந்தியாவில் அந்த வயதில் நடப்பது வேறு. பதினெட்டு நிறைந்ததும் ரயில்வே, ஓஎன்ஜிசி, ராணுவம், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளின் கதவு திறக்கிறது. சென்னையின் கூடைப்பந்து பல தலைமுறையாக இந்த அணிகளால்தான் உயிரோடிருக்கிறது. ஓர் ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு ரயில்வே நியமனக் கடிதம் என்பது வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு, ஓய்வுக்காலம் எல்லாம் சேர்ந்தது. என்பிஏ ‘இப்போது வரலாம்’ என்று சொல்லும் அதே வயதில் அரசு ‘நிலையாக இரு’ என்று சொல்கிறது. குடும்பம் இரண்டாவதைத் தேர்ந்தால் அதில் பிழை காண எனக்கு மனமில்லை.

தொழில்முறை லீகுக்கான முயற்சிகள் வந்துபோயின. 2015இல் தொடங்கிய யூபிஏ லீகில் சென்னை ஸ்லாமும் புனே பேஷ்வாஸும் ஆடின. 2017க்குப் பிறகு அது நின்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் ஐஎன்பிஎல் 2022இல் ஆறு அணிகளோடு தொடங்கியது. சென்னை ஹீட் அவற்றில் ஒன்று. கொச்சி, ஜெய்ப்பூர் சுற்றுகளுக்குப் பின் 2023 ஜனவரியில் புனேயில் ஆட்டங்கள் நடந்தன. சில நாள் ஓர் ஊரில் கூடிக் கலையும் அந்த வடிவம் பதினேழு வயதுப் பையனுக்கு ஓராண்டு வாழ்க்கையைத் தராது.

பெண்களுக்கு

அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் வரம்பு வேறு: சர்வதேச ஆட்டக்காரர் என்றால் டிராஃப்ட் ஆண்டில் 20, அமெரிக்கர் என்றால் 22 அல்லது கல்லூரிப் படிப்பின் நிறைவு. கோட்டயத்தில் பிறந்து சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011இல் அந்த லீகின் மூன்று அணிகளில் தேர்வு ஆட்டம் ஆடினார். அப்போது அவருக்கு 25 வயது. அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடியிருந்தார். அவரை எந்த வயது விதியும் தடுக்கவில்லை. அவருடைய இருபதாவது வயதில் அவர் ஆட்டத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

செய்யக்கூடியது

என்பிஏ ஒப்பந்தத்தைத் திருத்தும் வலு இந்தியக் கூட்டமைப்புக்கு இல்லை. தன் வீட்டு விதிகளை எழுதும் வலு உண்டு. மாவட்டப் போட்டியில் முதல்முறை பதிவு செய்யும்போதே, பத்து அல்லது பதினோரு வயதில், பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் தேதியை நிலைப்படுத்தலாம்; பின்னால் எக்ஸ்ரேயை நம்ப வேண்டியிருக்காது. தன் வயதைத் தானே திருத்த முன்வரும் பதின்வயதினரை, ஏற்பாட்டைச் செய்த பெரியவர்களிடமிருந்து பிரித்து, தண்டனையின்றி ஏற்கலாம். அடுத்து வரும் எந்த லீகும் அணிக்கு இரண்டு பேராவது 16க்கும் 19க்கும் இடைப்பட்டவராக இருக்க வேண்டும், அவர்களுக்கு ஆட்ட நேரமும் பள்ளிக் கல்வியும் உறுதியாக வேண்டும், வெளிநாட்டு அணி அழைத்தால் விடுவிக்கும் தொகை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும், அதில் ஒரு பங்கு முதலில் பயிற்றுவித்த பள்ளிக்கோ மாவட்டச் சங்கத்துக்கோ போக வேண்டும் என்று விதிக்கலாம். ரயில்வேயும் வங்கிகளும் ஒதுக்கீட்டில் எடுத்த இளைஞர் வெளியே ஆடிப் பார்க்க இரண்டாண்டு ஊதியமில்லா விடுப்பு தந்து, திரும்பினால் பணியிடத்தைக் காத்துவைக்கலாம். சட்டம் எதையும் மாற்றாமல் நிர்வாக ஆணையாலேயே தொடங்கக்கூடிய வேலை அது.